விருந்தாளி டீச்சரும் காலி நாற்காலியும்

2024 ஜூன். பள்ளிக்கூடம் திறந்த வாரம். வங்கியில் நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். ஜூன் மாசம் எங்கள் கிளைக்கு வருகிற கூட்டத்தில் பாதி, பிள்ளைகளின் பீஸ் கட்டுவதற்காகக் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு வருகிற கூட்டம். அன்றைக்கு வரிசையில் ஒரு டீச்சர் நின்றார். மதுரைக்குக் கிழக்கே ஒரு சின்னக் கிறிஸ்தவப் பள்ளியில் ஏழு வருஷமாக வேலை. எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட்., டெட் பாஸ். எங்க சனம். கையில் ரெண்டு பவுன் செயின்.

அந்த நேரம் பார்த்து அதே பள்ளியின் தாளாளர் உள்ளே வந்தார். கூட ஒரு வெள்ளைக்காரப் பெண். பத்தொன்பது வயசு இருக்கும். மூணு மாசத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாளாம். பவுண்டு மாற்ற வேண்டும். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். காபி வந்தது. 'எவ்வளவு பெரிய சேவை!' என்று மேனேஜர் இங்கிலீஷில் உருகினார். அப்ரைசரைக்கூட உள்ளே கூப்பிட்டு அறிமுகம் செய்தார். உரைகல் அநாதையாகக் கிடந்தது. வரிசை அரைமணி நேரம் நின்றது.

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்துக் கையாட்டினாள். நல்ல சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே செயினைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். கவுன்டரில் 'சார்' என்றவர், டீக்கடையில் 'அண்ணே' என்றார்.

"அந்தப் புள்ள நல்ல புள்ளண்ணே. அது மேல எனக்குக் கோவமில்ல. ஆனா இப்படி யாராச்சும் வந்தா எங்கிளாஸத் தூக்கி அவங்களுக்குக் குடுத்துட்டு, என்னய எல்கேஜிக்கு அனுப்பிர்றாங்க. அவங்க பிளைட் ஏறுனதும் திரும்பக் கூப்புடுறாங்க. அதுக்குள்ள புள்ளைக பாதிய மறந்துருதுக. மாசம் ஏழாயிரம். மே மாசம் லீவு, அதனால சம்பளம் கெடையாது. நீங்க எழுதுறவரு, எழுதுங்கண்ணே. எம்பேர மட்டும் போட்றாதீங்க."

எழுதுகிறேன்.

*

வெள்ளைக்காரர் மேல் உள்ள வெறுப்பில் எழுதுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிக் கொடுத்ததே அப்படி வந்த ஒரு அக்காதான்.

2001-ல் நான் ஏழாங்கிளாஸ். மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசன ஊர். ஊருக்குள்ளே மிஷன் காலத்துச் சின்னப் பள்ளி. அந்த அக்கா ஒரு வருஷம் இருந்தார். எங்கள் தெரு பள்ளிக்குப் பின்னால், கண்மாய்க் கரையை ஒட்டி. 'அந்தப் பக்கம் போகாதே, பாம்பு கிடக்கும்' என்று பள்ளியில் அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அவர் அதை எங்களிடமே சொல்லிச் சிரித்தார். பாம்பு பார்க்க வேண்டும் என்று ஒருநாள் எங்களோடு வந்தும்விட்டார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணி கேட்டார்.

அந்தப் பள்ளியில் இருபது வருஷம் வேலை பார்த்த வாத்தியார்கள் உண்டு. தினமும் ஜெபம் பண்ணித்தான் வகுப்பு ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் எங்கள் தெருவில் ஒரு வாய்த் தண்ணி குடித்ததில்லை. அந்த அக்கா குடித்தார். மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

எங்கம்மா என்ன செய்தாள் தெரியுமா? அந்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவித் தனியாக எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் அதில் நாங்கள் யாரும் குடிக்கக் கூடாது. அது வெள்ளைக்கார அக்கா டம்ளர். ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். எங்கள் வீட்டில் அக்காவுக்குத் தனி டம்ளர். இந்த ரெண்டு தனி டம்ளருக்கும் நடுவில்தான் நான் படித்து வளர்ந்தேன்.

அந்த அக்கா போய்விட்டார். எட்டு, ஒன்பது, பத்து, மூணு வருஷம் எங்களுக்கு இங்கிலீஷ் வாத்தியாரே கிடையாது. விளையாட்டு வாத்தியார் வந்து பாடத்தை வாசித்துவிட்டுப் போவார். பிற்பாடுதான் விஷயம் புரிந்தது. அக்கா வருவதற்கு முன்னாடியே இங்கிலீஷ் வாத்தியார் ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த இடம் காலி. அக்கா இருந்த ஒரு வருஷம் அந்தக் காலியிடம் யார் கண்ணுக்கும் படவில்லை. பெற்றோர் யாரும் கேட்கவில்லை. 'வெள்ளைக்காரியே வந்து சொல்லிக்கொடுக்கிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும்?' என்று எங்கள் தெருவே பெருமைப்பட்டது. அவருடைய நல்ல மனசு ஓட்டைப் பானைக்கு மூடியாக இருந்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். விருந்தாளி டீச்சர் நல்லவளா கெட்டவளா என்பது பிரச்சினை இல்லை. அவள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி யாருடையது? அதில் உட்கார வேண்டியவர் எங்கே நிற்கிறார்?

*

இந்த விருந்தாளி வரலாறு மதுரைக்குப் புதிதில்லை. அமெரிக்கன் மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்தது 1834-ல். திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845-ல் பசுமலைக்குப் போனது. அதே 1845-ல் கொடைக்கானலில் தங்களுக்கு முதல் ரெண்டு பங்களாவைக் கட்டிக்கொண்டார்கள். சமவெளியில் காலராவிலும் காய்ச்சலிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அதை மறுக்கவில்லை. பிறகு 1901-ல் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று மலைமேல் ஒரு பள்ளிக்கூடமும் வந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கு மலை மேலே பள்ளி, எங்கள் பிள்ளைகளுக்கு வெயிலில் கூரைப் பள்ளி.

இருந்தாலும் அந்தப் பழைய மிஷனரிகளிடம் ஒரு குணம் இருந்தது. அவர்கள் சாதியைப் பார்த்தார்கள். பார்த்ததைப் பேசினார்கள். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியே கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர்ச் சபை கொந்தளித்தது. 1847-ல் மதுரை மிஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. எங்களிடம் சம்பளம் வாங்குகிற உபதேசியார், வாத்தியார் எல்லாரும் சாதியை விட்டுவிட்டதாக வாயால் சொன்னால் போதாது, எல்லாச் சாதியாரோடும் பந்தியில் உட்கார்ந்து, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். சாப்பிட மாட்டேன் என்றவர்கள் பலருக்கு வேலை போனது. பசுமலைச் செமினரியே ஆட்டம் கண்டது. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் இதையே பொது விதியாக எடுத்துக்கொண்டது.

பைபிளைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு ஒரு பறையர் சமைத்த சோறு இறங்கவில்லை. வேலையைக்கூட விட்டார்கள், சாதியை விடவில்லை. நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் நடந்ததுதானே என்று கடந்துபோக வேண்டாம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணமே தீண்டாமை சபைக்குள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. தனிக் கல்லறை, தனித் தெருவில் தேர், பீடத்தில் ஏற முடியாத பையன்கள் என்று நாம் கத்திக்கொண்டிருந்ததை, அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட எத்தனை வருஷம் ஆனது பாருங்கள்!

1847-ன் மிஷனரி கேட்ட கேள்வி, சமைத்தது யார், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது. அந்தக் கேள்விக்கு வேலையும் சம்பளமும் பணயம். இன்றைக்கு வருகிற விருந்தாளிக்கு அந்தக் கேள்வியே தெரியாது. அவள் வந்திறங்கும் முன்னாலேயே 'பாம்பு கிடக்கும்' என்று சொல்லித் தயாராக்கி வைத்துவிடுகிறார்கள்.

*

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை அமெரிக்கன் மிஷனின் சபைகளும் அதில் கலந்தன. வெளிநாட்டு மிஷனரிக்கு விசாக் கெடுபிடி வந்தது. மிஷனரி குறையக் குறைய வாலண்டியர் வந்தார். 1950களிலேயே, சீனாவில் கதவு மூடப்பட்ட பிறகு, ஓபர்லின் கல்லூரியின் ஷான்சி அமைப்பு தன் பட்டதாரிகளை மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு அனுப்பத் தொடங்கியது. அவர்கள் சும்மா வந்துபோனவர்கள் இல்லை. ரெண்டு வருஷம் இருந்தார்கள், கல்லூரி விடுதியில் பையன்களோடு பழகினார்கள். இன்றைய கதை வேறு. ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிறார்கள். மூணு மாசம், ஆறு வாரம், சில பேருக்கு ரெண்டே வாரம். நமக்கு ரெண்டு வாரத்தில் கை ராட்டினம் ஓட்டக்கூடக் கற்றுத்தர மாட்டார்கள். வகுப்பறையை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள்.

அவள் பிறந்த ஊரில் பத்தொன்பது வயசில் டிகிரி முடிக்காமல், பயிற்சி இல்லாமல் ஒரு வகுப்பை நடத்த விடுவார்களா? விடமாட்டார்கள். அங்கே செல்லாதது இங்கே எப்படிச் செல்லுகிறது? எங்கள் பிள்ளைகள் என்பதால்தான் செல்லுகிறது. மதுரை நகரத்துப் பெரிய பள்ளிகளில் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளிடம் இப்படி ஆள் மாற்றி ஆள் விட்டால் மறுநாளே பெற்றோர் வாசலில் நிற்பார்கள். எங்களிடம் எது வேண்டுமானாலும் விற்கும். ஏனென்றால் இலவசம். இலவசத்தைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.

நாங்கள் பல்லைப் பிடித்துத்தான் பார்ப்போம்.

*

விருந்தாளியால் நல்லது நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. எங்கே, எப்படி என்று சொல்கிறேன்.

மதுரைக்கு ஆள் அனுப்பிய அதே பாஸ்டன் சங்கம் மராட்டிய நாட்டுக்கும் அனுப்பியது. சிந்தியா ஃபாரர் என்ற கல்யாணமாகாத அமெரிக்கப் பெண் 1827-ல் பம்பாய் வந்து, பிறகு அகமத்நகரில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்த ஜோதிராவ் பூலே 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். சாவித்திரிபாய் பூலே வாத்தியார் வேலை பழகியது ஃபாரரிடம். சாவித்திரிபாய் தெருவில் நடந்தபோது சாணியை எறிந்தார்கள். அவர் மாற்றுச் சேலையோடு போய்ப் பாடம் நடத்தினார். பூலே பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா, தன் சனத்தின் துயரத்தை எழுதிய கட்டுரை 1855-ல் ஞானோதயா இதழில் அச்சேறியது. அதுவும் அமெரிக்க மிஷன் நடத்திய இதழ்.

வரிசையைப் பாருங்கள். வெளியூர்க்காரி ஒருத்தி உள்ளூர்க்காரி ஒருத்தியை டீச்சர் ஆக்கினார். உள்ளூர்க்காரி ஒரு சேரிச் சிறுமியை எழுத வைத்தார். சிறுமி எழுதினாள். இதுதான் கணக்கு. எத்தனை பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய், எத்தனை போட்டோ எடுத்தாய் என்பது கணக்கில் சேராது. நீ போன பிறகு அந்த நாற்காலியில் எங்களில் யார் உட்கார்ந்தார்?

அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்தார். மிஷன் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரிக்குக் கொட்டிய பணத்தில் பெரும்பயன் மேல்சாதிக்குப் போனதையும், சபைக்குள் வந்த தீண்டப்படாதவர்கள் அதே இடத்தில் கிடந்ததையும் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1945-ல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கினார். 1946-ல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி, 1950-ல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி. வாத்தியார் அனுப்புங்கள் என்று யாருக்கும் மனுப் போடவில்லை.

*

இனி நம்ம டீச்சர் ஏன் எல்கேஜிக்கும் எட்டாங்கிளாஸுக்கும் நடுவில் பந்தாடப்படுகிறார் என்று பார்ப்போம்.

அவர் கிறிஸ்தவர். 1950-ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. 2022-ல் இதை ஆராய நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நிலமும் மில்லும் வைத்திருக்கிற சாதிகளோடு போட்டி போட வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் சான்றிதழோடு போய்விடும். அடி மட்டும் போகாது. அடிக்கிறவன் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

சரி, அரசாங்கம்தான் கைவிட்டது, சபை இருக்கிறதே என்று அவர் சபைப் பள்ளிக்கு வருகிறார். அங்கே 30-வது பிரிவு நிற்கிறது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தலாம். நல்ல உரிமை. அதில் யாராவது கை வைத்தால் அதைக் காப்பாற்ற நாமும் தெருவில் இறங்க வேண்டும். ஆனால் அந்த உரிமை உள்ளே எப்படி வேலை செய்கிறது? உதவிபெறும் பள்ளியில் சம்பளம் அரசாங்கக் கஜானாவிலிருந்து வருகிறது. யாரை வைப்பது என்பது நிர்வாகத்தின் கையில். இடஒதுக்கீட்டுச் சுழற்சி அங்கே கட்டாயமில்லை. போஸ்டிங்குக்கு என்ன ரேட் என்று டீக்கடை வரைக்கும் தெரியும். ரெண்டு பவுன் செயினை அடகு வைக்கிறவருக்கு அந்த ரேட் எட்டாது. ஆக அரசாங்கம் 'நீ கிறிஸ்தவச்சி, போ' என்கிறது. சபை 'நீ சேரிக்காரி, நில்' என்கிறது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பைக்கு மட்டும் நாம் எல்லாரும் ஒரே மந்தை!

உள்ளேயிருந்தே ஊழியம் செய்யப் போனவர்களின் கதி என்ன ஆனது? 1992-ல் மதுரையிலிருந்து வெளியான பாமாவின் 'கருக்கு' சொல்லிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தவரைப் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெளியேறினார். கடல் கடந்து வருகிறவளுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள். எங்கள் தெருவிலிருந்து போனவளுக்குப் பங்களாப் பிள்ளைகள். என்ன பங்கீடு இது?

*

'தன்னார்வலர்' என்கிறார்கள். இந்தச் சொல்லையும் உரைகல்லில் போட்டு உரசிப் பார்ப்போம்.

சம்பளமில்லாமல் வேலை செய்வது எங்களுக்குப் புதிதா? பிணத்துக்குக் குழி வெட்டினோம், சாவு சொல்லப் போனோம், தப்படித்தோம், கண்மாய் மடை திறந்தோம். கூலி கேட்டால் உதை. அதற்கு வெட்டி என்று பேர். வெட்டியான் என்ற பேரே அந்த வெட்டியிலிருந்து வந்ததுதான். ஊழியம் என்ற சொல்லையும் பாருங்கள். சபையில் அது தேவனுக்குச் செய்யும் பணி. அதற்கு முன்னால் அது கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலை. நூறு தலைமுறை நாங்கள் செய்த ஊழியத்துக்கு யாரும் எங்களைப் பாராட்டி எழுந்து நிற்கவில்லை. வயிறு நிறைந்தவர் மூணு மாசம் சும்மா வேலை பார்த்தால் தியாகம். வயிறு காய்ந்தவள் ஏழு வருஷம் ஏழாயிரத்துக்கு வேலை பார்த்தால் தலையெழுத்து.

அரசாங்கமும் இதே சொல்லைப் பிடித்துக்கொண்டது. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நம் தெருப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கொரோனாவில் எழுத்து மறந்த பிள்ளைகளுக்கு எழுத்தைத் திருப்பிக் கொடுத்தது அவர்கள்தான். மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அவர்களுக்கும் தன்னார்வலர் என்றே பேர். வேலை கேட்கக் கூடாதில்லையா, அதற்காக அந்தப் பேர்.

*

ரெண்டு பக்கமிருந்து பதில் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காவிக்காரர்கள் கைதட்டுவார்கள். 'பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் வருவதே மதம் மாற்றத்தான், ஒரு தலித்தே சொல்கிறான்' என்பார்கள். வாயை மூடுங்கள். மிஷன் பள்ளி எங்களுக்குக் கதவைப் பாதி திறந்தது என்றால், உங்கள் அக்கிரகாரமும் உங்கள் ஊரும் கதவே வைக்காமல் சுவர் எழுப்பியது. உத்தப்புரத்துச் சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரைக்கும் ஆனது. மேலவளவில் 1997-ல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனை வெட்டியவர்கள் ஜெருசலேமிலிருந்து வரவில்லை. சபையோடு எங்களுக்கு இருக்கிற சண்டை, சபையைக் கட்டிய சனத்தின் சண்டை. அதை உங்கள் கையில் கொடுக்க மாட்டோம்.

இன்னொரு பக்கம், சபைப் பெரியவர்கள். 'நல்ல மனசோடு வருகிறவர்களைப் புண்படுத்தலாமா, தம்பி?' என்பார்கள். ஐயா, புண்பட்டது அவர்கள் இல்லை. அவர்களிடம் உண்மையைச் சொல்லாமல் பாம்புக் கதை சொல்வது நீங்கள். எங்கள் பிள்ளைகளைப் போட்டோவுக்கு நிறுத்திக் காணிக்கை வாங்குவதும் நீங்கள். அவர்களை மதிக்கிறவர் அவர்களிடம் சாதியைப் பற்றிப் பேசுவார்.

பேசினால் அவர்களுக்கும் புரியும். மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தார். கேரளத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. பிறகு தன் ஊர்க் கறுப்பர்களின் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும்தான் என்று சொல்லிக்கொண்டார். 1965-ல் ஒரு பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார். அந்தத் தலைமையாசிரியர் பாம்பு கிடக்கும் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். விருந்தாளி திரும்பிப் போகும்போது தன்னைப் பற்றிய ஒரு உண்மையைக் கொண்டுபோனார்.

இன்றைக்கு அந்த உண்மைக்கு அங்கேயும் வேலை இருக்கிறது. நம்ம ஆட்கள் விமானம் ஏறும்போது சாதியையும் பெட்டியில் வைத்துத்தான் ஏறுகிறார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே வருஷம் கலிபோர்னியாவில் இதேபோல் வந்த மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார். ஆக, வருகிற பெண்ணே, உன் ஊரிலேயே உனக்கு வேலை காத்திருக்கிறது. இங்கே வந்து கேள்வியைக் கற்றுக்கொள். அங்கே போய்க் கேள்.

*

கடைசியாக நமக்கு. மற்றவரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் போனால் இதை எழுதிய கை கூசும்.

இடஒதுக்கீட்டில் பாங்கில், ரயில்வேயில், தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற நாம் எத்தனை பேர் ஊருக்குப் போய் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம்? 2015-ல் எங்கள் தெருவில் இரவுப் பாடசாலை ஆரம்பித்தேன். பதினெட்டு பிள்ளைகள். ஒன்றரை வருஷம் ஓடியது. அப்புறம் டிரான்ஸ்பர், வீட்டுக் கடன், மகளுக்கு டியூஷன். நின்றுபோனது. என் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று கேட்டுவிடாதீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. டவுனில் சிபிஎஸ்இ. ஆறாயிரம் மைல் தாண்டி ஒருத்தி எங்கள் தெருவுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து தண்ணி குடித்தாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நான் பொங்கலுக்கும் சாவுக்கும் போகிறேன். விருந்தாளி டீச்சரைக் குறை சொல்லும் முன்னால் எனக்கு நானே ரெண்டு அறை விட்டுக்கொள்கிறேன். நீங்களும் விட்டுக்கொள்ளுங்கள்.

விட்டுக்கொண்ட பிறகு, சேர்ந்து கேட்போம்:

ஒன்று. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் வரட்டும். வகுப்பில் உள்ளூர் டீச்சருக்குப் பக்கத்தில் உட்காரட்டும். அவருடைய வகுப்பைப் பிடுங்கிக் கொடுக்காதே.

இரண்டு. ஒவ்வொரு சபைப் பள்ளியும் எத்தனை பணியிடம், எத்தனை காலி, நிரந்தரம் எத்தனை, தற்காலிகம் எத்தனை, அதில் தலித் எத்தனை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டு.

மூன்று. சபையில் நாங்கள் எத்தனை பேரோ, பணியிடத்திலும் அத்தனை பங்கு கொடு. சிறுபான்மை உரிமை சபையின் பெரும்பான்மைக்கு எதிரான உரிமையாக இருக்கக் கூடாது.

நான்கு. ஒரு விருந்தாளிக்கு ஆகிற செலவுக்கு ஈடாக எங்கள் பெண் ஒருத்தியைப் பி.எட். படிக்க வை. படித்து வந்தால் வேலை கொடு. மே மாசமும் சம்பளம் கொடு.

ஐந்து. வருகிற விருந்தாளியிடம் பாம்புக் கதை சொல்லாதே. தெருவைக் காட்டு.

*

2025 ஜூனில் அந்த டீச்சர் மறுபடி கவுன்டருக்கு வந்தார். வட்டியைக் கட்டி, அதே செயினைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். ஜூலையில் அடுத்த விருந்தாளி வருவதாகச் சொன்னார். மறுபடி எல்கேஜிதான்.

"ஆனா இந்தத் தடவ அந்தப் புள்ளட்ட நானே பேசப் போறேன்ணே. நீ உக்காந்திருக்கியே, இது யாரு சேருன்னு தெரியுமா, வேலைக்கு வெக்காம இத ஏன் காலியா வச்சிருக்காங்கன்னு போய்க் கேளுன்னு சொல்லப் போறேன்."

அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அவர் எம்.ஏ. இங்கிலீஷ்.